வேண்டாத முதல் பரிசு!

ஒப்புதல் வாக்குமூலத்தோடு ஆரம்பித்துவிடுகிறேன்.

மத்தியானம் தயிர் சாதம் உள்ளே போய், கண் சொக்குகிற நேரம். மேனேஜர் இன்னும் லஞ்சிலிருந்து வரவில்லை. எதிரே கம்ப்யூட்டர். அதில் ஒரு கட்டுரை. எழுதியவர் ஒரு பெண்மணி. ஆபீஸ் போகிற பெண்கள் சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது விஷயம். தலைப்பைப் படித்தேன். முதல் பாராவைப் படித்தேன். அதோடு சரி. (முழுசாகப் படிக்காமல் கருத்துச் சொல்வதில் நமக்கு நிகர் நாமேதான்!) கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. விரல் சும்மா இருக்குமா? தட்டிவிட்டேன்:

'மேடம், இதை எழுதின நேரத்துக்கு ஒரு ரசம் வெச்சிருக்கலாம்!'

முப்பத்து நாலு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்து சீட் நண்பர் முதுகில் ஓங்கி அறைந்து, "பின்னிட்டே மச்சி!" என்றார். அன்று பூராவும் நான் ஏதோ பெரிய நகைச்சுவை மன்னன் மாதிரி ஆபீஸில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி வீட்டில் தங்கை செல்போனை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணா, இது நீதானா?"

தப்பிக்க வழியில்லை. பெயர் மட்டுமா, ஊட்டியில் எடுத்த போட்டோவும் சேர்ந்து பல்லிளித்துக்கொண்டிருந்தது. "அது வந்து... சும்மா ஒரு ஜோக்குக்கு..." என்று இழுத்தேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இந்தக் கட்டுரைக்குக் கீழே இருநூறு கமெண்ட் இருக்கு. அதுல உன்னோடதுதான் ரொம்ப மரியாதையானது. மத்ததையும் ஒரு தடவை படிச்சுடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படித்தேன். ரசத்தில் ஆரம்பித்தது, கீழே போகப் போக அந்தப் பெண்ணின் நடத்தை, அவர் அம்மா, புருஷன், அவரை என்ன செய்ய வேண்டும், எத்தனை பேர் சேர்ந்து செய்ய வேண்டும் என்று போய்க்கொண்டே இருந்தது. சாக்கடை என்றால் சாக்கடை கோபித்துக்கொள்ளும். அந்தச் சாக்கடையின் மேல்படியில் என் ஜோக் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் என் மேஜை மேல் ஒரு ஆங்கிலப் புத்தகம். தலைப்பு: 'செக்ஸ் ஆப்ஜெக்ட்'. காபி கொண்டு வந்த அம்மா தலைப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "ஐயோ, இது உங்க பொண்ணு குடுத்தது" என்று அலறினேன்.

தங்கை நிதானமாகச் சொன்னாள்: "தலைப்பையும் முதல் பாராவையும் மட்டும் படிச்சுட்டு மூடி வெச்சுடாதே. கடைசிப் பக்கம் வரைக்கும் படி."

இப்படித்தான் எனக்கு ஜெஸிக்கா வலென்டி அறிமுகமானார்.

1978-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். நுழைவுத் தேர்வு எழுதி ஜெயித்தால்தான் இடம் என்கிற ஸ்டைவஸன்ட் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். கணக்கும் விஞ்ஞானமும் கரைத்துக் குடிக்கிற பசங்களுக்குப் பேர் போன பள்ளி அது. ஆனால், பாடத்தில் இல்லாத சில விஷயங்களை அவர் பாதாள ரயிலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்கூல் பை மாட்டிய வயசிலேயே கூட்டத்தில் உரசுகிறவர்கள், அசிங்கம் காட்டுகிறவர்கள்... நம் ஊர் பஸ்ஸில் நடக்கிற அதே சமாசாரம்தான். நியூயார்க்காக இருந்தால் என்ன, உரசுகிற பேர்வழி எங்கேயும் ஒரே ஜாதி.

கல்லூரியில் ஒரு வருஷம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டுலேன் பல்கலைக்கழகம். ஒத்து வரவில்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகத்துக்கு மாறி, 2001-ல் பத்திரிகைத் துறையில் பட்டம் வாங்கினார். 2002-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெண்கள் பற்றிய படிப்பில் முதுகலை. பிறகு பெண்களுக்காக வழக்கு நடத்துகிற ஓர் அமைப்பில் வேலை. நம்மைப் போலவே மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர், மாசச் சம்பளம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நாம் என்ன செய்வோம்? கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்போம். அந்தப் பெண் 2004-ல் ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். கூடவே சில தோழிகள். கூட நின்றவர்களில் ஒருவர் அவருடைய தங்கை வனெஸ்ஸா. (அங்கேயும் ஒரு தங்கை! இந்தத் தங்கைகளே ஆபத்தானவர்கள்.) வலைப்பூவின் பெயர் 'ஃபெமினிஸ்டிங்'.

அப்போது வலைப்பூ என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்று புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். அதற்கு முன்னால் ஒருவர் எழுத வேண்டும் என்றால் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். ஸ்டாம்ப் ஒட்டிய கவர் இணைக்க வேண்டும். மூன்று மாதம் தபால்காரரை வழிமறிக்க வேண்டும். கடைசியில் 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று ஒரு சீட்டு வரும். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று முடிவு செய்கிற நாற்காலியில் பெரும்பாலும் ஆண்கள். பெண்ணுரிமை இயக்கத்துக்குள்ளேயே பெரிய அம்மாக்கள் பேசுவார்கள், சின்னப் பெண்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி மைக் பிடிக்க இடமே கிடையாது.

வலைப்பூ வந்ததும் அந்த வாசலில் நின்ற வாட்ச்மேனே காணாமல் போனார். ராத்திரி பத்து மணிக்குத் தோன்றியதைப் பத்தேகால் மணிக்கு உலகமே படிக்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். யாருக்கும் சலாம் போட வேண்டாம்.

ஜெஸிக்காவும் தோழிகளும் எழுதிய பாஷையும் புதுசு. கோர்ட், சட்டம், தேர்தல், சினிமா, விளம்பரம் எதுவானாலும் சிநேகிதியிடம் போனில் பேசுவது மாதிரி எழுதினார்கள். கோபம் வந்தால் திட்டினார்கள். சிரிப்பு வந்தால் சிரித்தார்கள். பெண்ணியம் என்றாலே மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்தை ரத்து செய்தார்கள்.

அவர்களுடைய சின்னத்தைச் சொன்னாலே இது விளங்கிவிடும். அமெரிக்க லாரிகளின் பின் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் ஒரு ரப்பர் மட்டை தொங்கும். அதில் ஒரு பெண் உருவத்தின் நிழல், ஒரு மாதிரியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். டிரைவர்களின் கண்ணுக்குக் குளிர்ச்சியாம். ஃபெமினிஸ்டிங் கோஷ்டி அதே பெண்ணை எடுத்துத் தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டது. ஒரே ஒரு மாற்றம்தான்... அந்தப் பெண் இப்போது நடு விரலைத் தூக்கிக் காட்டுகிறாள்!

பணம்? அதுதான் இல்லை. எழுதுகிறவர்கள் எல்லாரும் பகலில் வேறு எங்கோ வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில்தான் எழுதினார்கள். அதாவது, ரசம் வைக்கிற நேரத்தில்.

2006 செப்டம்பரில் ஒரு விருந்து. முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டன், நியூயார்க் ஹார்லெம் பகுதியில் உள்ள தன் அலுவலகத்துக்கு வலைப்பூ எழுதுகிறவர்கள் சிலரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஜெஸிக்காவும் போனார். சாப்பிட்டு முடித்ததும் குரூப் போட்டோ. முன்வரிசையில் கிளின்டனுக்கு முன்னால் நின்றார்.

எந்த ஆபீஸ் போட்டோவிலும் யாராவது ஒருவர் முன்வரிசையில் நிற்கத்தானே வேண்டும்? ஆனால், படம் இன்டர்நெட்டில் வந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? அவர் நின்ற தோரணை சரியில்லை, மார்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறார் என்று ஒரு சட்டப் பேராசிரியை தன் வலைப்பூவில் எழுதினார். (ஆமாம், பேராசிரியைதான். இந்த விஷயத்தில் ஆண் பெண் பேதமில்லை!) அவ்வளவுதான். ஊர் கூடிவிட்டது. அந்தப் பெண் இரண்டு வருஷமாக என்ன எழுதினார் என்று யாரும் பேசவில்லை. போட்டிருந்த ஸ்வெட்டரைப் பற்றித்தான் பேச்சு. வாசலில் வாட்ச்மேன் இல்லை என்றால் நாம் மட்டும்தானா உள்ளே போவோம்? எல்லாரும்தான் வருவார்கள். ஜெஸிக்காவுக்கு அந்தப் பாடத்தின் முதல் வகுப்பு அந்தப் போட்டோ.

ஆனால், எழுதுவதை நிறுத்தவில்லை. 2007-ல் முதல் புத்தகம், 'ஃபுல் ஃப்ரன்டல் ஃபெமினிஸம்'. சின்னப் பெண்களுக்குப் பெண்ணியத்தைப் பாமர பாஷையில் சொல்லிக் கொடுக்கிற புத்தகம். இதற்கு எதிர்ப்பு பெண்ணியவாதிகளிடமிருந்தே வந்தது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் வெற்று இடுப்பு. 'எல்லாப் பெண்களுக்கும் என்று சொல்லிவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணின் கதையை மட்டும் சொன்னால் எப்படி?' என்று கறுப்பினப் பெண்களும் மற்றவர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜெஸிக்காவை நான் இங்கே தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டப் போவதில்லை. குறை சொன்னவர்களும் இவரைத் திட்டவில்லை, புத்தகத்தைத்தான் விமர்சித்தார்கள். அந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

2008-ல் இன்னொரு புத்தகம். ஒரே காரியத்தை ஆண் செய்தால் ஒரு பெயர், பெண் செய்தால் வேறு பெயர் என்கிற இரட்டை அளவுகோல்கள் ஐம்பதை எடுத்து வரிசையாக அலசியிருந்தார். படித்துவிட்டு நம் ஆபீஸை நினைத்துப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் சீட்டில் இருந்தால் அவன் 'கடும் உழைப்பாளி'. அவள் இருந்தால், 'வீட்டுல என்ன பிரச்னையோ?' மீட்டிங்கில் மேஜையைத் தட்டிப் பேசினால் அவன் 'லீடர்'. அவள் பேசினால் 'ராங்கி'. இதெல்லாம் அவர் எழுதியதல்ல, நான் சேர்த்தது. ஐம்பதோடு நிற்கிற விஷயமா இது?

அதே 2008-ல் ஜாக்ளின் ஃப்ரீட்மன் என்பவரோடு சேர்ந்து அவர் தொகுத்த புத்தகம், 'யெஸ் மீன்ஸ் யெஸ்'. ஒரு பெண் 'வேண்டாம்' என்று சொல்லவில்லையே என்பது போதாது. 'சரி' என்று மனசார அவளே சொல்ல வேண்டும். இதுதான் சாரம்.

இங்கே நாம் கொஞ்சம் நெளிய வேண்டும். நம் பாஷையில் 'மௌனம் சம்மதம்' என்று ஒரு வசனத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். ஹீரோயின் தலை குனிந்தால் சம்மதம். முறைத்தால் உள்ளுக்குள்ளே சம்மதம். அறைந்தால் சீக்கிரமே சம்மதம். இப்படிப் பாடம் படித்துத்தான் நம்மில் பலர் காதலிக்கவே கிளம்பினோம். 2014-ல் கலிஃபோர்னியாவில் கல்லூரிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. எதிர்க்கவில்லை என்பதாலோ, பேசாமல் இருந்தாள் என்பதாலோ சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அதில் எழுதியே வைத்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், 'யெஸ் மீன்ஸ் யெஸ்' சட்டம். மௌனம் சம்மதமில்லை என்று ஒரு மாநிலமே சட்டம் போட வேண்டியிருந்தது!

2009-ல் 'தி ப்யூரிட்டி மித்'. கன்னித்தன்மையை வைத்து ஒரு பெண்ணின் மொத்த மதிப்பையும் எடை போடுகிற அமெரிக்க வழக்கத்தைப் பிடித்து உலுக்கிய புத்தகம். கல்யாணம் வரை கற்போடு இருப்பேன் என்று மகள்கள் அப்பாவிடம் சத்தியம் செய்து கொடுக்கிற நடன விருந்துகள்கூட அங்கே உண்டாம். கற்பு என்றால் நம் ஊர் ஏகபோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை.

2010-ல் அவருக்கு ஒரு பெண் குழந்தை. குறைமாதப் பிரசவம். தாயும் பிழைத்துக் குழந்தையும் பிழைத்ததே பெரிய காரியம் என்கிற அளவுக்குச் சிக்கல். குழந்தை பல வாரங்கள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில். அந்த அனுபவத்திலிருந்து 2012-ல், 'எதற்காகக் குழந்தை பெற்றுக்கொள்கிறோம்?' என்று கேட்கிற ஒரு புத்தகம் எழுதினார். இந்தக் குழந்தையும் பின்னால் வரும்.

2011-ல் ஒரு காரியம் செய்தார். ஃபெமினிஸ்டிங்கை விட்டு விலகினார். சண்டை ஒன்றும் இல்லை. இது இளம்பெண்கள் வளர்வதற்கான இடம், அவர்களே நடத்தட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அப்போது அவருக்கு வயசு முப்பத்திரண்டு! நம் ஊரில் அறுபது தாண்டியும் 'இளைஞர் அணி' நாற்காலியை விடாதவர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு 'தி நேஷன்' பத்திரிகையில் பத்தி. 2014-ல் பிரிட்டனின் 'தி கார்டியன்' நாளிதழுடைய அமெரிக்கப் பதிப்பில் பத்தி எழுத்தாளர். சம்பளம், அந்தஸ்து, உலகம் பூராவும் வாசகர்கள். கூடவே, ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் அந்தக் காலிக் கட்டம்.

அதே வருஷம் ஜூலையில் அவர் கடற்கரையில் நின்று எடுத்த படம் ஒன்றைப் போட்டார். டீ ஷர்ட்டில், 'ஆண்களின் கண்ணீரில் குளிக்கிறேன்' என்கிற பொருளில் ஒரு வாசகம். ஆண்களை வெறுப்பவள் என்று எந்நேரமும் தன்னைச் சொல்கிறவர்களைக் கிண்டலடிக்கத்தான். எனக்கு அந்த ஜோக் பெரிசாகச் சிரிப்பு மூட்டவில்லை. உங்களுக்கும் மூட்டாமல் போகலாம். ஆனால், அந்த டீ ஷர்ட்டைப் பார்த்து எந்த ஆணாவது ராத்திரி வீட்டுக்குத் தனியாக நடந்து போகப் பயந்தானா? கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டானா? யோசித்தால் ஜோக்குக்கும் ஜோக்குக்கும் எங்கே வித்தியாசம் என்று தெரிகிறது.

அடுத்த மாதம், ஆகஸ்டில், மாதவிலக்குக்கான டாம்பன்களை ஏன் இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்று கார்டியனில் எழுதினார். மருந்து மாதிரி, டாய்லெட் பேப்பர் மாதிரி அதுவும் அத்தியாவசியம்தானே என்பது வாதம். வசவு மழை பொழிந்தது. 'ஓசியில் கேட்கிறாள்' என்பதிலிருந்து எழுத முடியாதது வரை. ஆறே வருஷம்... 2020 நவம்பரில் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் அதையே சட்டமாக்கியது. எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. திட்டினவர்களில் யாராவது மன்னிப்புக் கேட்டிருப்பார்களா? ரசம் ஜோக் அடித்த நானே இன்னும் கேட்கவில்லை.

சரி, தலைப்பில் சொன்ன பரிசுக்கு வருவோம்.

2016 ஏப்ரலில் கார்டியன் ஒரு கணக்கு வெளியிட்டது. 2006 முதல் தன் இணையப் பக்கங்களில் வாசகர்கள் எழுதிய 7 கோடி கமெண்ட்களையும் ஆராய்ந்தது. அதில் 14 லட்சம் கமெண்ட்கள், அதாவது நூற்றுக்கு இரண்டு, விதியை மீறியவை என்று நிர்வாகிகளால் நீக்கப்பட்டவை. எந்த எழுத்தாளரின் கட்டுரைகளுக்குக் கீழே இப்படி அதிகம் நீக்க வேண்டியிருந்தது என்று பார்த்தார்கள். பத்திரிகையில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்கார ஆண்கள். ஆனால், அதிகமாக ஏச்சு வாங்கிய முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். மீதி இரண்டு பேர் கறுப்பின ஆண்கள். மிகக் குறைவாகத் திட்டு வாங்கிய பத்துப் பேர் யார்? பத்தும் ஆண்கள்!

நீக்கப்பட்டவற்றில் முதலிடம், ஜெஸிக்கா வலென்டி.

பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்கினால் மிட்டாய் கொடுப்போம். இந்த முதல் ராங்க்குக்கு என்ன கொடுப்பது?

அந்த ஆராய்ச்சியில் இன்னொரு விவரம்தான் என்னை உட்கார விடவில்லை. எந்த விஷயங்களைப் பற்றிய கட்டுரைகளுக்குக் கீழே ஜனங்கள் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? குறுக்கெழுத்துப் புதிர், குதிரைப் பந்தயம், ஜாஸ் சங்கீதம், அப்புறம்... கிரிக்கெட்!

அப்படியென்றால் நமக்கு மரியாதை தெரியாமல் இல்லை. கவர் டிரைவ் பற்றிப் பேசும்போது 'தாங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது' என்கிறவன்தான், ஒரு பெண் சம்பளத்தைப் பற்றி எழுதினால் அவள் மானத்தில் கை வைக்கிறான். இரண்டுக்கும் ஒரே கீ போர்டு. கோபக்காரன், படிக்காதவன், வேலையில்லாதவன் என்று யார் தலையிலாவது பழியைப் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. எழுதுகிறவர்களில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவனும் உண்டு. எனக்கு நன்றாகத் தெரியும். அவன் போட்டோ ஊட்டியில் எடுத்தது.

2016 ஜூனில் வந்ததுதான் என் தங்கை கொடுத்த 'செக்ஸ் ஆப்ஜெக்ட்'. சுயசரிதை. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறிய புத்தகம். பாதாள ரயிலில் ஆரம்பித்து, வகுப்பறை, காதல், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் ஒரு பெண் தன்னை ஒரு பொருளாகவே பார்க்கிற கண்களுக்கு நடுவில் வளர்ந்தால் அவளுக்கு உள்ளுக்குள் என்ன ஆகும் என்கிற கதை. அழுது புலம்பவில்லை. வீர வசனமும் இல்லை. 'இதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொண்டேன் என்று சொல்லச் சொல்லாதீர்கள்' என்பது போன்ற ஒரு தொனி.

கடைசிப் பக்கம் வரைக்கும் படி என்று தங்கை ஏன் சொன்னாள் என்று கடைசியில்தான் புரிந்தது. வழக்கமாகப் புத்தகத்தின் கடைசியில் பின்குறிப்புகள் இருக்கும். இந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி முழுக்க, பல வருஷங்களாக அவருக்கு வந்த கமெண்ட், ஈமெயில், ட்விட்டர், ஃபேஸ்புக் செய்திகள். விளக்கம் இல்லை, பதில் இல்லை. அப்படியே அச்சடித்திருக்கிறார். ஒரு உட்காரலில் படிக்க என்னால் முடியவில்லை. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவருக்கு இது வருஷக்கணக்கில் தினமும் காலைக் காபியோடு வந்திருக்கிறது.

புத்தகம் வந்த அடுத்த மாதம், 2016 ஜூலையில், ஒரு நாள் காலை கண் விழித்ததும் அவர் பார்த்த செய்தி, பலாத்காரம் செய்து கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல். அவருக்கு இல்லை. அவருடைய ஐந்து வயசு மகளுக்கு. கண்ணாடிப் பெட்டியிலிருந்து பிழைத்து வந்த அந்தக் குழந்தைக்கு.

பன்னிரண்டு வருஷம் எதற்கும் அசையாத பெண், சமூக வலைத்தளங்களிலிருந்து அன்று வெளியேறினார். வேலையின் ஒரு பகுதியாக இதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று தன்னிடம் யாரும் எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயம்தானே? நம்மை ஒரு கஸ்டமர் கவுன்டரில் வந்து இப்படி மிரட்டினால் மறுநாள் யூனியன் கொடி பிடிக்கும். எழுதுகிறவர்களுக்கு யூனியன்? 'கமெண்ட் பக்கம் போகாதீங்க மேடம்' என்பதோடு முடிந்தது.

இதில் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு. இணையத்தில் ஒவ்வொரு வருகையும் காசு. பாராட்ட வந்தவரும் காறித் துப்ப வந்தவரும் விளம்பரக்காரருக்கு ஒன்றுதான். சண்டை நடக்கிற இடத்தில் கூட்டம் ஜாஸ்தி. கூட்டம் ஜாஸ்தி என்றால் காசு ஜாஸ்தி. அந்தக் காசு, அடி வாங்குகிறவருக்குப் போவதில்லை. 2013-லேயே வனெஸ்ஸா வலென்டியும் கோர்ட்னி மார்ட்டினும் ஓர் அறிக்கை எழுதினார்கள். பெண்களுக்காக இணையத்தில் எழுதுகிறவர்கள் சம்பளமில்லாமல், ஓய்வில்லாமல், வசவு வாங்கிக்கொண்டு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள் என்பது கேள்வி. பதில் 2019 கடைசியில் தெரிந்தது. ஃபெமினிஸ்டிங் பதினைந்து வருஷத்தில் கடையைக் கட்டியது.

ஜெஸிக்கா கட்டவில்லை. கொஞ்ச காலம் கழித்துத் திரும்பி வந்தார்.

2022 ஜூன் 24. கருக்கலைப்பு உரிமைக்குப் பாதுகாப்புக் கொடுத்த 1973-ம் வருஷத்து 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கருக்கலைப்புக்குத் தடை போட்டன. எந்த மாநிலத்தில் என்ன சட்டம், எந்தக் கோர்ட்டில் என்ன வழக்கு, எந்த ஆஸ்பத்திரி எந்த நோயாளியைத் திருப்பி அனுப்பியது... தினம் ஒன்று மாறியது. வக்கீல்களுக்கே தலை சுற்றியது. ஜெஸிக்கா ஒரு மின்னஞ்சல் பத்திரிகை ஆரம்பித்தார். பெயர், 'அபார்ஷன், எவ்ரி டே'. பெயருக்கு ஏற்ற மாதிரி அன்றாடம் ஐம்பது மாநிலத்து நிலவரத்தையும் திரட்டிக் கொடுக்கிற வேலை. நம் ஊரில் மார்க்கெட் நிலவரம் சொல்வார்களே, அந்த மாதிரி. 2024-ல் இதே விஷயத்தைப் பற்றி ஒரு புத்தகமும் வந்தது.

கவனித்தீர்களா? இந்தப் பத்திரிகைக்கு விளம்பரக்காரரின் தயவு வேண்டாம். பிடித்தவர்கள் சந்தா கட்டுகிறார்கள். அறிமுகமில்லாதவன் எட்டி உதைக்கிற கட்டம் நடு வாசலில் இல்லை. வாட்ச்மேன் இல்லாத தெருவில் ஆரம்பித்தவர், இருபது வருஷம் அடிபட்டு, தன் வீட்டுக்குத் தானே ஒரு கதவு போட்டுக்கொண்டார்.

அவர் சொல்வதை எல்லாம் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்த்து எழுதுங்கள். ஆதாரம் கேளுங்கள். அட்டைப் படத்தைக் குறை சொன்ன அந்தப் பெண்களைப் போல விஷயத்தைப் பிடித்து உலுக்குங்கள். ஆளை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் சமாசாரம்.

புத்தகத்தை முடித்த அன்று ராத்திரி என் பழைய கமெண்ட்டைத் தேடிப் போய் அழித்தேன். முப்பத்து நாலு கட்டை விரல்களும் அதோடு போயின. பிறகு அந்தக் கட்டுரையை முதல் தடவையாக முழுசாகப் படித்தேன்.

நாலாவது பாராவில் அந்தப் பெண்மணி எழுதியிருந்தார்: ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாருக்கும் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரசம் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது!

கீழே காலிக் கட்டம் இன்னும் இருந்தது. 'தங்கள் கட்டுரையைப் படிக்காமல் ஒரு வரி எழுதியிருந்தேன். இப்போது படித்துவிட்டேன். மன்னிக்கவும்' என்று தட்டினேன். அதற்கு இதுவரை ஒரு கட்டை விரல்கூட விழவில்லை. பக்கத்து சீட் நண்பர் மட்டும், "என்ன மச்சி, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

தங்கையிடம் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி, மன்னிப்பு எழுதின நேரத்துக்கு..." என்று சொல்லிச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

வைத்தேன். புளி கொஞ்சம் ஜாஸ்தி. ஆனால், யாரும் திட்டவில்லை.